மீசை வெறும் மயிர் ஆகும் நாள்

(கொல்லிமலை செம்மேட்டில் நடந்த இளைஞர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்தால், தரைக்காரனுக்குத் தலைசுற்றல் அடங்கக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்த நேரத்தில் உங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு தம்பிக்கு இப்போதுதான் அரும்பு மீசை. அவருக்குப் பக்கத்தில் ஒரு முறுக்கு மீசை. பின்னால் ஒரு பென்சில் மீசை, ஒரு கிடா மீசை, தாடியோடு கலந்துபோன ஒரு மீசை. மழமழவென்று மழித்த முகங்களும் உண்டு. ஆக, நான் பேசப்போகிற பொருள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

மீசையைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது, ஏற்பாடு செய்த தோழர்கள் சிரித்தார்கள். வன உரிமை, சாதிச் சான்றிதழ், சாலை, மருத்துவமனை என்று பேச எவ்வளவோ இருக்கும்போது மீசையா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதில் இதுதான். மீசை வைத்ததற்காக மனிதர்கள் அடிபடுகிற நாட்டில், அடிப்பவனுக்கு மீசை அற்ப விஷயமாகத் தெரியவில்லை. அவனுக்கு அது ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று நாம் யோசிக்கத்தான் வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மீசை ஒரு விளையாட்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உடம்பில் காசு செலவில்லாமல் மாற்றிக்கொள்ளக்கூடிய அலங்காரம் வேறு என்ன இருக்கிறது? பிடித்தால் வளர்க்கலாம், பிடிக்காவிட்டால் ஒரு பிளேடு போதும். பத்து நாளில் மறுபடியும் வந்துவிடும். அதனால்தான் தமிழில் அதற்கு இத்தனை செல்லப் பெயர்கள்: அரும்பு மீசை, கத்தி மீசை, முறுக்கு மீசை, தேள்கொடுக்கு மீசை, அருவா மீசை, கம்பளிப்பூச்சி மீசை. 2019-இல் பாகிஸ்தானில் பிடிபட்டுத் திரும்பிய விமானப்படை அதிகாரி அபிநந்தனின் மீசையைப் பார்த்து, அதே மாதிரி வேண்டும் என்று நாடெங்கும் இளைஞர்கள் சலூன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்கள். 2003-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 30 ஆண்கள் நவம்பர் மாதம் முழுக்க மீசை வளர்ப்பது என்று வேடிக்கையாகத் தொடங்கினார்கள். இன்று அது ஆண்களின் உடல்நலத்துக்கு நிதி திரட்டுகிற உலக இயக்கமாகிவிட்டது. 2022-இல் கேரளத்தின் கண்ணூரைச் சேர்ந்த ஒரு பெண், தன் மேலுதட்டில் வளர்ந்த மீசையை எடுக்காமல் விட்டு, அது தனக்குப் பிடித்திருப்பதாகச் சொன்ன செய்தி வந்தது. கேலி செய்தவர்களைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

இவையெல்லாம் கேட்கச் சந்தோஷமாக இருக்கின்றன அல்லவா? மனிதன் தன் முகத்தைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான் விஷயம்.

அதே மயிர் இடம் மாறினால் என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

2017 செப்டம்பரில், குஜராத்தின் காந்திநகர் மாவட்டம் லிம்போதரா கிராமத்தில், மீசை வைத்ததற்காக ஆதிக்கச் சாதியினர் தங்களைத் தாக்கினார்கள் என்று தலித் இளைஞர்கள் அடுத்தடுத்துப் புகார் கொடுத்தார்கள். அதற்கு அந்த மாநிலத்துத் தலித் இளைஞர்கள் கொடுத்த பதிலை நாம் மறக்கக்கூடாது. கல் எடுக்கவில்லை. கைப்பேசியை எடுத்தார்கள். மீசையை முறுக்கிப் படம் எடுத்துப் போட்டார்கள். 'மிஸ்டர் தலித்' என்ற எழுத்தும், ஒரு கிரீடமும், ஒரு முறுக்கு மீசையும் கொண்ட படத்தைத் தங்கள் வாட்ஸ்அப் முகப்பாக வைத்தார்கள். 'நீ ஒருவனை அடித்தாய். இப்போது எத்தனை பேரை அடிப்பாய்?' என்பதுதான் அதன் பொருள். விளையாட்டாகவே ஒரு போராட்டத்தை நடத்திக் காட்டினார்கள்.

ஆனால் எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் ஒரு தலித் இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். கொரோனா காலத்தில் சுகாதாரப் பணியாளராக வேலை பார்த்தவர். நல்ல உடை உடுத்தி, மீசையை முறுக்கிப் படம் போடுவதில் ஆசை உள்ளவர். அவர் தலைநிமிர்ந்து வாழ்ந்த விதம்தான் கொலைக்குக் காரணம் என்றார்கள் அவர் வீட்டார். பழைய பகை என்றது காவல்துறை. அந்தப் பழைய பகை எங்கே தொடங்கியது என்று கேட்டால், தங்களை அவர் நேருக்கு நேர் பார்த்துவிட்டார் என்ற கோபத்தில் போய் நிற்கிறது. கண்ணை நிமிர்த்துவதும் மீசையை நிமிர்த்துவதும் சாதிக்கு ஒரே குற்றம்தான்.

'அதெல்லாம் வடக்கே. நம் ஊர் பெரியார் மண்' என்று நினைக்க வேண்டாம். 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் கூடி, ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக்கூடாது. சட்டை, கோட்டு, பனியன் போடக்கூடாது. தலைமுடியை நாகரிகமாகக் கத்தரித்துக்கொள்ளக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது. செருப்பு போடக்கூடாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது, பூ வைக்கக்கூடாது, பொன் வெள்ளி நகை போடக்கூடாது. அடுத்த ஆண்டு இந்தப் பட்டியலை மேலும் நீட்டினார்கள்.

இந்தத் தடைகளை ஒருமுறை மனதுக்குள் வரிசையாக வைத்துப் பாருங்கள். தலைமுடியில் தொடங்கிச் செருப்பு வரை போகிறது. நிலத்தைப் பற்றியோ கூலியைப் பற்றியோ மட்டும் அவர்கள் கவலைப்பட்டிருந்தால் இந்தப் பட்டியலே வேண்டியிருக்காது. தூரத்தில் வரும்போதே இவன் யார் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு பாடு. சாதிக்குத் தனியாக நிறம் இல்லை, மூக்கு இல்லை, எலும்பு இல்லை. பிறப்பால் தெரியாத வித்தியாசத்தைத் துணியாலும் மயிராலும் உண்டாக்கினால்தான் சாதி கண்ணுக்குத் தெரியும். ஒருவன் நல்ல சட்டை போட்டு மீசையை முறுக்கிவிட்டால், அவன் எந்தச் சாதி என்று தெரியாமல் போய்விடுகிறது. அந்தக் குழப்பத்தைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

தென் திருவிதாங்கூரில் தலைக்கு வரி, மார்புக்கு வரி என்று ஒடுக்கப்பட்ட மக்களிடம் வாங்கிய வரிகளின் பட்டியலில் மீசை வரியும் இருந்ததாகச் சொல்வார்கள். அந்த மண்ணில்தான் அய்யா வைகுண்டர், தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச் சொன்னார். 1927 டிசம்பரில் மகத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம் அம்பேத்கர், சாதியைக் காட்டிக்கொடுக்கிற சேலைக்கட்டையும் நகைகளையும் மாற்றிக்கொள்ளச் சொன்னார். இரு தலைவர்களுக்கும் நடுவில் ஒரு நூற்றாண்டு இடைவெளி இருக்கலாம். இருவரும் கண்டுபிடித்தது ஒன்றுதான்: உடம்பின் மேல் எழுதிய சாதியை உடம்பிலிருந்தேதான் அழிக்கத் தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் சொல்கிறேன். ராசிபுரம் பக்கம் என் தாத்தா பண்ணையத்து ஆளாக இருந்தவர். நல்ல அடர்த்தியான மீசை. பண்ணையக்காரர் திண்ணையைத் தாண்டும்போது அந்த மீசை வாயோடு படிந்து கிடக்கும். துண்டு அக்குளில் இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து வளவுக்குள் நுழைந்ததும், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இரண்டு விரலால் மீசையை மேலே தள்ளிவிடுவார். காலையில் மறுபடியும் தண்ணீர் தொட்டுக் கீழே இழுத்துவிடுவார். பாட்டி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு விவரம் தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதன் ஒரே நாளில் இரண்டு முகம் வைத்துக்கொண்டு ஐம்பது வருடம் வாழ்ந்திருக்கிறான். முறுக்கிய மீசையை ரசிக்க அவனுக்கு இருட்டும் வேப்பமரமும் மட்டும்தான் இருந்தன.

சரி, மீசை என்றால் அதிகாரம் என்று மக்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? சாதி மட்டும் அல்ல, அரசும்தான்.

1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதற்கான காரணங்களில் ஒன்று, தாடியை மழிக்க வேண்டும், மீசையை உத்தரவுப்படி கத்தரிக்க வேண்டும் என்ற கும்பினி ராணுவத்தின் கட்டளை. அதே பிரிட்டிஷ் ராணுவம் பின்னாளில் தன் சொந்தப் படைவீரர்கள் மேலுதட்டை மழிக்கவே கூடாது என்று விதி வைத்தது. முதல் உலகப்போரின் நடுவில், 1916-இல்தான் அந்த விதியை எடுத்தார்கள். மழி என்றாலும் வளர் என்றாலும் உத்தரவு மேலே இருந்துதான் வந்தது. உன் முகம் உன்னுடையது அல்ல என்பதுதான் இரண்டுக்கும் பொருள்.

சுதந்திர இந்தியாவுக்கு வருவோம். 2004-இல் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்தில், மீசை வளர்க்கிற காவலர்களுக்கு மாதம் 30 ரூபாய் படி கொடுத்தார்கள். மீசை இருந்தால் மக்கள் காவலரை மதிப்பார்கள் என்று காரணம் சொன்னார்கள். ஜாபுவா எப்படிப்பட்ட மாவட்டம் தெரியுமா? பில் பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். பழங்குடிகள் மரியாதை தர வேண்டும் என்பதற்காகக் காவலரின் மேலுதட்டுக்கு அரசு சம்பளம் கொடுத்திருக்கிறது. ஒருவர் மீசைக்குப் படி கிடைக்கிறது. இன்னொருவர் மீசைக்கு அடி கிடைக்கிறது. இந்த நாட்டில் சமத்துவம் எங்கே நிற்கிறது என்று அளக்க இதைவிட எளிய அளவுகோல் கிடையாது.

காக்கிச் சட்டையைக் கண்டால் மலையில் பெரியவர்கள் ஏன் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று இளைஞர்கள் கேட்கலாம். தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி உங்களுக்குத் தூரத்து ஊர் அல்ல. அங்கே வாழ்பவர்களும் உங்களைப் போல மலையாளிப் பழங்குடிகள்தான். 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். அடித்தார்கள், சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29-இல்தான் தீர்ப்பு வந்தது. அதற்குள் இறந்துபோனவர்கள் போக, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் சொன்னது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. அந்த மக்கள் 19 வருடம் கோர்ட்டுப் படி ஏறி இறங்கியிருக்கிறார்கள். காவலருக்கு மரியாதை மீசையால் வராது. பயம் வேண்டுமானால் வரும். மரியாதை என்றால் என்ன என்பதை வாச்சாத்திப் பெண்கள் சாட்சிக் கூண்டில் நின்று காட்டினார்கள்.

காவலர் மீசை என்றதும் ஒரு நாவல் நினைவுக்கு வருகிறது. மலையாள எழுத்தாளர் எஸ். ஹரீஷ் எழுதியது. பெயரே 'மீசை'தான். குட்டநாட்டில் புலையர் குடும்பத்தில் பிறந்த வாவச்சன் என்பவனுக்கு ஒரு நாடகத்தில் காவலர் வேடம் கிடைக்கிறது. அதற்காகப் பெரிய மீசை வைக்கிறான். மேடையில் அவனைப் பார்த்த ஊரார் நடுங்கிப்போகிறார்கள். நாடகம் முடிந்த பிறகு மீசையை எடுக்க மறுத்துவிடுகிறான். அதன் பிறகு ஊரே அவனைத் துரத்துகிறது. அவனைப் பற்றிய கதைகள் அவனைவிடப் பெரிதாக வளர்கின்றன. 2018-இல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்தபோது, இதில் வருகிற ஓர் உரையாடலைக் காட்டி மிரட்டல்கள் வந்தன. எழுத்தாளர் தொடரை நிறுத்திக்கொண்டார். பிறகு அது புத்தகமாக வந்தது. தடை கேட்டுப் போன மனுவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2020-இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஜேசிபி பரிசு கிடைத்தது. வேடத்துக்கு மீசை வைக்கலாம், வாழ்க்கைக்கு வைக்கக்கூடாது என்ற இடத்தில்தான் அந்த நாவல் நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

நம் கோயில்களிலும் அதே கதைதான். மதுரை வீரனைப் பாருங்கள். அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவன் என்று கதைப்பாடல் சொல்கிறது. செத்துச் சாமியான பிறகு அவனுக்கு எவ்வளவு பெரிய மீசையை வரைந்து வைத்திருக்கிறார்கள்! எல்லாச் சாதிக்காரர்களும் வந்து கும்பிடுகிறார்கள். உயிரோடு இருக்கிற அருந்ததியர் அதில் பாதி அளவு மீசையோடு தெருவில் நடந்தால் முறைக்கிறார்கள்.

சினிமாவும் இதில் தன் பங்கைச் செய்திருக்கிறது. 1992-இல் 'தேவர் மகன்', 1993-இல் 'எஜமான்', 1994-இல் 'நாட்டாமை' என்று ஒரு காலம் இருந்தது. அந்தப் படங்களில் பெரிய வீட்டுக்காரர் மீசையைத் தடவினால் அது நீதி, கௌரவம், பரம்பரை. அதே மீசை அடியாள் முகத்தில் இருந்தால் அவன் ரவுடி. 2016-இல் வந்த 'கபாலி' படத்தில் பா. ரஞ்சித் இந்தப் பழக்கத்தைத்தான் ரஜினிகாந்தின் வாயாலேயே கிண்டல் செய்தார். கன்னத்தில் மருவும் முறுக்கிய மீசையுமாக எஜமானுக்குக் கைகட்டி நிற்கிற பழைய கபாலி நான் இல்லை என்று சொல்ல வைத்தார். திரையரங்கில் அன்று எழுந்த கைதட்டல் ஒரு நடிகருக்கானது மட்டும் அல்ல.

இப்போது நம் கைக்கு வருகிற விஷயத்தைச் சொல்கிறேன். இதைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் சாதிகள், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. அதைத் திருத்திய சட்டம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பிரிவு 3(1)(இ) என்ன சொல்கிறது? பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரின் துணியை வலுக்கட்டாயமாகக் களைவது, தலையை மொட்டையடிப்பது, மீசையை எடுப்பது, முகத்திலோ உடம்பிலோ சாயம் பூசுவது, இவை போல மனித மாண்பைக் கெடுக்கிற எதுவும் குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாமல், ஐந்து வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. மீசை என்ற சொல் இந்திய நாட்டின் சட்டப் புத்தகத்தில் அச்சாகி இருக்கிறது. ஒரு நாடாளுமன்றம் உட்கார்ந்து இதை எழுத வேண்டி வந்தது என்றால், எத்தனை ஊர்களில் எத்தனை பேரின் மீசை போயிருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

கத்தி வைக்காமல், பலர் பார்க்க நின்று 'எடுடா மீசையை' என்று இழிவுபடுத்தி மிரட்டினால் அதற்கும் பிரிவு 3(1)(ஆர்) இருக்கிறது. இந்தச் சட்டத்தில் முன்ஜாமீன் கிடையாது. வழக்குப் பதிவு செய்வதற்கு முன் விசாரணை வேண்டும் என்று இழுத்தடிக்கக்கூடாது. விசாரிப்பவர் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். உங்களில் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், நாமக்கல் கோழிப்பண்ணைக்கும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கும் வேலைக்குப் போகிறீர்கள். 'மலைக்காரனுக்கு எதுக்குடா முறுக்கு மீசை' என்று கீழே யாராவது கேட்டால் இந்தப் பிரிவுகள் உங்களுக்கும் பொருந்தும். அதற்குக் கையில் சாதிச் சான்றிதழ் வேண்டும். முதலில் 'மீசையா' என்று கேட்ட தோழருக்கு இதுதான் என் பதில். சான்றிதழும் மீசையும் ஒரே வழக்குக் கட்டில்தான் இருக்கின்றன.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். இந்தச் சட்டம் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர் செய்கிற குற்றத்துக்குத்தான் பாயும். ஒரு பழங்குடி, பட்டியல் சாதிக்காரர் ஒருவரின் மீசையில் கை வைத்தால் இந்தச் சட்டம் வராது. பட்டியல் சாதிக்குள்ளேயே ஒருவர் இன்னொருவரை அவமதித்தாலும் வராது. சாதாரணக் குற்றச் சட்டம்தான் வரும். இந்த மலையில் பெரும்பான்மை நீங்கள். பட்டியல் சாதி மக்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் வழி நாங்கள் என்று உங்கள் தோற்றக் கதை சொல்கிறது. கவுண்டர் பட்டத்தைப் பெயரோடு சேர்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். 70 வளைவு இறங்கினால் அந்தப் பட்டத்தைக் கீழே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அங்கே நீங்கள் மலைக்காரர்கள்தான். அப்படியிருக்க, மேலே மட்டும் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு யாரைக் கீழே நிறுத்தப் போகிறீர்கள்?

இதை உங்களிடம் மட்டும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடமும் கேட்கிறேன். தனக்கு மேலே இருக்கிறவன் முன்னால் மீசையை இறக்கி, தனக்குக் கீழே இருக்கிறவன் முன்னால் முறுக்குவதற்குப் பெயர் விடுதலை அல்ல. அதுதான் சாதி வேலை செய்கிற விதம். அம்பேத்கர் அதைப் படிநிலைப்படுத்திய சமத்துவமின்மை என்றார். சட்டம் எட்டாத இந்த இடத்தில் நமக்கு நாமேதான் காவல்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் அக்கா தங்கைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இவ்வளவு நேரம் மீசை, மீசை என்று ஆண்கள் கதையாகவே போகிறதே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். 'மீசை வச்ச ஆம்பளையா நீ' என்று ஒரு வசை நம் ஊரில் உண்டு. அதற்குள் ஒளிந்திருக்கிற வசை பெண்ணின் மேல் விழுகிறது. மீசை இல்லாத நீ மனுஷியே இல்லை என்கிறது அது. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் பெரியார், ஆண்மை என்ற எண்ணமே ஒழிந்தால்தான் பெண்ணுக்கு விடுதலை என்று எழுதினார். ஆதிக்கச் சாதிக்காரனிடம் இருந்து மீசையைப் பறித்து நாம் வைத்துக்கொண்டு, அதையே வீட்டில் மனைவியிடமும் தங்கையிடமும் காட்டினால், மீசைதான் இடம் மாறியிருக்கிறது. ஆதிக்கம் அப்படியே இருக்கிறது. தங்கை வேறு சாதிப் பையனைக் காதலித்தால் 'என் மீசை போச்சு' என்று குதிக்கிற அண்ணனுக்கும், லிம்போதராவில் அடித்தவனுக்கும் மீசையைப் பற்றிய கருத்து ஒன்றுதான்.

இம்மானுவேல் சேகரனின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். முறுக்கிய மீசை. 1957 செப்டம்பர் 11-ஆம் தேதி பரமக்குடியில் அவரைக் கொன்றார்கள். அந்த மீசையை இன்றைக்கும் தென் மாவட்டங்களில் இளைஞர்கள் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். அம்பேத்கரின் படத்தையும் பாருங்கள். மீசையே இல்லை. கோட்டு, டை, மூக்குக் கண்ணாடி, மழித்த முகம். இருவரில் யார் தலைநிமிர்ந்தவர்? கேள்வியே தப்பு. இருவரும் தங்கள் முகத்தைத் தாங்களே தீர்மானித்தவர்கள். நமக்கு வேண்டியது அந்தத் தீர்மானம்.

சலூனைப் பற்றி ஒரு வார்த்தை. முகம் உன்னுடையது என்று சொன்னால் மட்டும் போதாது, அதைத் திருத்திக்கொள்ள ஒரு நாற்காலியும் வேண்டும். தமிழ்நாட்டில் இன்னமும் தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கிற கடைகள் இருக்கின்றன. சொந்த ஊரில் வெட்டாமல் பக்கத்து டவுனுக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டினால் உன் கடை இருக்காது என்று முடிதிருத்தும் தொழிலாளியை மிரட்டுவதும் அதே ஆதிக்கச் சாதிதான். அவரும் இந்த ஏணியில் மிதிபடுகிறவர். அவரோடு சண்டை போடுவதைவிட, அவருக்குப் பின்னால் நிற்கிறவனை அடையாளம் காட்டுவது முக்கியம். இங்கே உங்கள் ஊரில் எல்லோரும் ஒரே நாற்காலியில் உட்காருகிறார்களா என்று பாருங்கள். உட்காரவில்லை என்றால் அந்த வேலையிலிருந்து தொடங்குங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மீசை வைக்க ஆசைப்படுகிறவர் வைக்கட்டும். தேள்கொடுக்கு மாதிரி வேண்டுமானாலும் வைக்கட்டும், கோமாளி மாதிரி வேண்டுமானாலும் வைக்கட்டும். வாரம் ஒரு தினுசு மாற்றிப் படம் போடட்டும். மழிக்க ஆசைப்படுகிறவர் மழிக்கட்டும். ஒடுக்கப்பட்டவனிடம் எப்போதும் கண்ணீரையும் கோபத்தையும் மட்டுமே எதிர்பார்க்கிறார்கள். அவனும் கண்ணாடி முன் நின்று தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம் என்பதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். காரணம் எதுவும் சொல்லாமல், யாரிடமும் அனுமதி வாங்காமல், சும்மா ஆசைக்காக ஒன்றைச் செய்கிற உரிமை இருக்கிறதே, அதுவும் சுயமரியாதைதான். சோற்றுக்கும் நிலத்துக்கும் போராடுகிற நாம் அதை இரண்டாம்பட்சமாக நினைக்க வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் மீசையைப் பார்த்து ஒரு குழந்தை பயப்படக்கூடாது, ஒரு பெண் ஒதுங்கக்கூடாது, உங்களைவிட எளியவன் துண்டை இறக்கக்கூடாது. யாரும் யாருடைய மீசையையும் பார்த்து நிமிரவும் வேண்டாம், குனியவும் வேண்டாம் என்ற நாள் வரும்போது மீசை வெறும் மயிராகிவிடும். அன்றைக்கு அதை வைத்து நாம் நன்றாக விளையாடலாம்.

ஜெய்பீம்!